பெருக்கியைக் கடைசியில் தொடுங்கள்: சிலிக்கன் உணரியின் உணர்திறனைக் கூட்டப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டம் செய்கிறவர்களும், சனிக்கிழமை சிம் லிம் டவருக்குப் போய்ப் பாகங்கள் வாங்கி வந்து வீட்டில் சாலிடர் வைக்கிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சென்சார் சின்ன மாற்றத்தைக் காட்டவே மாட்டேன் என்கிறது, ஆம்பிளிஃபையரை இன்னும் எவ்வளவு கூட்டலாம்?" (சிம் லிம் சதுக்கத்துக்குப் போய்விடாதீர்கள். அங்கே கணினியும் கைபேசியும்தான். ரெசிஸ்டரும் கம்பியும் வேண்டுமென்றால் ஜாலான் புசார் முனையில் இருக்கும் டவர்.) பெரும்பாலும் கூட்டவே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கடைசிவரை பார்ப்போம்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் 60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நீர்வழிச் (மண்ணில்லாமல் நீரில் வளர்க்கும்) செடித் தொட்டி. அதில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினாலும் தெரிய வேண்டும். உணரி, சிலிக்கன் சவ்வு கொண்ட எம்பிஎக்ஸ்10 என்ற அழுத்த உணரி: நீர்மட்டம் இறங்கினால் அடியில் அழுத்தமும் இறங்கும். இதன் அளவெல்லை 0 முதல் 10 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் தண்ணீர். சுமையுணரியோ (எடையை அளப்பது) முடுக்கமானியோ (அசைவையும் அதிர்வையும் அளப்பது) வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் படிகள் இவையேதான். வேறுபடும் இடங்களை வரும்போது சொல்கிறேன்.

படி 1: தேவையை மைக்ரோவோல்ட்டில் எழுதுங்கள்

1 மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் 9.8 பாஸ்கல். எம்பிஎக்ஸ்10-க்கு 3 வோல்ட் கொடுத்தால் ஒரு கிலோபாஸ்கலுக்கு 3.5 மில்லிவோல்ட் தரும். பெருக்கிப் பார்த்தால் நமக்கு வேண்டிய குறி (சிக்னல்) 34 மைக்ரோவோல்ட்.

இது சின்ன எண்தான், ஆனால் பயப்படும் அளவுக்குச் சின்னது இல்லை. எடைக் கருவிகளில் பரவலாக இருக்கும் எச்எக்ஸ்711 என்ற 24 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு), 128 மடங்குப் பெருக்கத்தில் வினாடிக்கு 10 அளவீடு எடுக்கும்போது, அதன் உள்ளிரைச்சல் 50 நானோவோல்ட் அளவில்தான் இருக்கும். அதாவது நம் குறி இரைச்சலைவிடப் பல நூறு மடங்கு பெரியது. பின் ஏன் திரையில் எண் ஆடிக்கொண்டே இருக்கிறது? அதற்குக் காரணம் இரைச்சல் இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போடாமல் பெருக்கியை மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

உணர்திறன் என்பது ஓர் அலகு மாற்றத்துக்கு எத்தனை மில்லிவோல்ட் வருகிறது என்பது. நமக்கு உண்மையில் வேண்டியது வேறு: நம்பிச் சொல்லக்கூடிய மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டால் பணமும் நேரமும் தவறான இடத்துக்குப் போகும்.

படி 2: சிலிக்கன் எப்படி உணர்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

உலோகத் தகட்டுத் திரிபுமானி (ஒரு பொருளின் மேல் ஒட்டி அதன் நீட்சியை அளப்பது) நீளும்போது அதன் மின்தடை கூடுவது பெரும்பாலும் வடிவம் மாறுவதால். அதன் திரிபுக் காரணி, அதாவது நீட்சி விகிதத்தைப்போல் மின்தடை விகிதம் எத்தனை மடங்கு மாறுகிறது என்பது, 2-ஐ ஒட்டியே இருக்கும். சிலிக்கனில் நடப்பது வேறு. தகைவு (இழுத்தாலோ அழுத்தினாலோ பொருளுக்குள் எழும் விசை) ஏற்படும்போது படிகத்துக்குள் மின்னூட்டத் துகள்கள் நகரும் எளிமையே மாறுகிறது. பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்மித் 1954-ல் சிலிக்கனிலும் ஜெர்மானியத்திலும் இதை அளந்து வெளியிட்டார். பி-வகைச் சிலிக்கனைச் சரியான படிகத் திசையில் வெட்டினால் திரிபுக் காரணி 120-க்கும் அதற்கு மேலும் போகும்.

இதன் பலன் என்ன? 1 மைக்ரோதிரிபு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி), 5 வோல்ட் பாலம் (நான்கு மின்தடைகளைச் சதுரமாக இணைத்த சுற்று, ஒவ்வொன்றும் ஒரு கை), அதில் ஒரே ஒரு கை மட்டும் உணர்கிறது, சிலிக்கனின் காரணி 120 என்று வைத்துக்கொள்வோம். உலோகத் தகடு தருவது 2.5 மைக்ரோவோல்ட். சிலிக்கன் தருவது 150 மைக்ரோவோல்ட். நான்கு கைகளும் உணர்ந்தால், இரண்டு கூட இரண்டு குறைய, 600. சந்தையில் கிடைக்கும் சிலிக்கன் அழுத்த உணரிகளுக்குள் ஏதோ ஒரு வகையில் இந்த ஏற்பாடு செய்தே இருக்கும். நீங்களாகத் திரிபுமானி ஒட்டுகிறீர்கள் என்றால் முழுப் பாலமாக ஒட்டுங்கள். அதைவிட மலிவான நான்கு மடங்கு லாபம் வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் வெப்பநிலையும் அதே துகள்களைத்தான் ஆட்டுகிறது. சிலிக்கனின் பலம் எங்கிருந்து வருகிறதோ, தொல்லையும் அங்கிருந்தே வருகிறது. அதற்குப் படி 5-ல் போவோம்.

படி 3: இயந்திரப் பகுதியைச் சரிசெய்யுங்கள்

சவ்வின் மேல் வரும் தகைவு, அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் இருமடியைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் உணர்திறன் நான்கு மடங்கு. சவ்வு கிழியும் அழுத்தமும் அதே வேகத்தில் இறங்கும். உணரியை வாங்குகிற நமக்கு இதன் பொருள்: தேவைக்கு மேல் பெரிய எல்லையுள்ள உணரியை வாங்காதீர்கள். ஒரே குடும்பத்தில் 100 கிலோபாஸ்கல் எல்லையுள்ள எம்பிஎக்ஸ்2100, 10 வோல்ட்டில் கிலோபாஸ்கலுக்கு 0.4 மில்லிவோல்ட் தருகிறது. 10 கிலோபாஸ்கல் எல்லையுள்ள எம்பிஎக்ஸ்2010 தருவது 2.5. "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரியதை எடுத்தால் ஆறு மடங்கை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

சுமையுணரிச் சட்டத்திலும் இதே கணக்குத்தான். சட்டத்தின் தடிமன் பாதியானால் திரிபு நான்கு மடங்கு. எஃகுக்குப் பதில் அலுமினியம் என்றால் அதே சுமைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. திரிபுமானியைச் சட்டத்தின் நடுவில் ஒட்டாமல், அது பொருத்தப்பட்ட முனைக்கு அருகில், வளைவு அதிகமாக இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். பசைப் படலம் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பசை, திரிபைத் தானே விழுங்கிவிடும், வெயிலில் மெல்ல ஊர்ந்தும் போகும்.

நம் தொட்டிக்கு வருவோம். எம்பிஎக்ஸ் உணரிகள் உலர்ந்த காற்றுக்கானவை, தண்ணீர் படக்கூடாது. அதனால் ஒரு குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தை அளக்கிறோம். இங்கேதான் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை. ஒரு மீட்டர் நீளமான மெல்லிய குழாயில் இருக்கும் காற்று 8 டிகிரி குளிர்ந்தால் 2.7 விழுக்காடு சுருங்கும். தண்ணீர் குழாய்க்குள் 27 மில்லிமீட்டர் ஏறிவிடும். உணரி அதை நீர்மட்டம் இறங்கியதாகவே காட்டும். இந்த 27 மில்லிமீட்டர் பிழையை எந்தப் பெருக்கியாலும் சரிசெய்ய முடியாது.

தீர்வு துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் நீர்மட்ட உணரிக் குழாயின் அடியில் காற்றை அடைத்து வைக்கும் அகலமான ஓர் அறை இருக்கும். அதேபோல் குழாயின் கீழ்முனையில் 5 சென்டிமீட்டர் விட்டமும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள கவிழ்ந்த கிண்ணம் ஒன்றைப் பொருத்துங்கள். குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர் என்றால், அதே சுருக்கத்துக்கு நீர் ஏறுவது அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கிண்ணம் உயரமாக இருக்கக்கூடாது, அகலமாக இருக்க வேண்டும். உயரமான கிண்ணம் அதிகக் காற்றை அடைத்து வைத்துப் பழைய தொல்லையைத் திரும்பக் கொண்டுவரும். உணரியைத் தண்ணீருக்கு மேலே வைத்து, குழாய் சரிவாகக் கீழே இறங்கட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் குழாய்க்குள் நீர் வேர்க்கும். துளி நடுவில் நின்றால் அதுவும் ஒரு பொய் அழுத்தம்.

படி 4: எதற்கு எதிராக அளக்கிறீர்கள் என்று பாருங்கள்

பிஎம்பி280 போன்ற வளிமண்டல அழுத்த உணரிகள் மலிவு, கம்பி நான்குதான், நூலகமும் தயார். அதனால் புதியவர்கள் அதையே குழாயில் மாட்டிவிடுகிறார்கள். அது வெற்றிடத்துக்கு எதிராக அளப்பது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் வளிமண்டல அழுத்தம் கடல் ஓதம்போல் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம். மாலை 4, விடியற்காலை 4 வாக்கில் தாழ்வு. வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். தண்ணீரில் சொன்னால் 30 மில்லிமீட்டர். செடி தினமும் மாலை 4 மணிக்கு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் குடித்துவிட்டு இரவு 10 மணிக்குத் திருப்பிக் கொடுத்தது என்று அறிக்கை எழுத வேண்டி வரும்.

வித்தியாச அழுத்தத்தை அளக்கும் உணரியில் இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்று குழாய்க்கு, மற்றது வெளிக்காற்றுக்கு. ஓதம் இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி மறைந்துவிடும். ஒரு பைசா செலவில்லாமல் பெரிய பிழை போய்விட்டது.

படி 5: வெப்பத்தோடு சண்டை

சரி, இனிதான் உண்மையான வேலை. நிழலான தாழ்வாரத்தில் விடியலுக்கும் மதியத்துக்கும் இடையே 7, 8 டிகிரி வித்தியாசம் வரும். பெட்டி மேல் வெயில் பட்டால் இன்னும் கூடும். எம்பிஎக்ஸ்10-இன் டேட்டாஷீட்டைத் திறந்து இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, முழு அளவு வெளியீடு டிகிரிக்கு ஏறக்குறைய 0.19 விழுக்காடு குறைகிறது. அரை மீட்டர் தண்ணீரில் 8 டிகிரிக்கு இது ஏழரை மில்லிமீட்டர். இரண்டாவது, பூஜ்ய விலகல் (அழுத்தமே இல்லாதபோதும் வரும் மின்னழுத்தம்) டிகிரிக்கு 15 மைக்ரோவோல்ட் அளவில் நகரும். 8 டிகிரிக்கு இது மூன்றரை மில்லிமீட்டர். நாம் தேடுவதோ 1 மில்லிமீட்டர். இரைச்சலான அறையில் ஒலிபெருக்கியைத் திருகினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுவதுபோல, பெருக்கி இந்த 11 மில்லிமீட்டரையும் சேர்த்தே பெருக்கும்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. எளிதானது முதலில்.

வெப்பத்துக்கு ஈடுசெய்த உணரியை வாங்குங்கள். எம்பிஎக்ஸ்2010-இல் லேசரால் செதுக்கிச் சீராக்கிய மின்தடைகள் உள்ளேயே இருக்கின்றன. 0 முதல் 85 டிகிரி வரை முழு அளவு மாற்றம் 1 விழுக்காட்டுக்குள். 5 வோல்ட்டில் இது 1 மில்லிமீட்டருக்கு 12 மைக்ரோவோல்ட்தான் தரும், எம்பிஎக்ஸ்10 தருவதில் மூன்றில் ஒரு பங்கு. உணர்திறன் குறைந்த உணரி, ஆனால் அதைவிடச் சிறிய மாற்றத்தைப் பார்க்கும். ஈடுசெய்யாத உணரியே கையில் இருந்தால் ஒழிய, புதியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி கொஞ்சம் அழகானது. வெப்பம் ஏறும்போது உணர்திறன் குறைகிறது, ஆனால் பாலத்தின் மின்தடை டிகிரிக்கு 0.24 விழுக்காடு கூடுகிறது. பாலத்தோடு தொடராக ரெசிஸ்டர் போட்டால், சூடேறும்போது பாலத்துக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் தானே கொஞ்சம் ஏறி, இழந்ததைத் திருப்பித் தரும். பாலம் 470 ஓம் என்றால் மொத்தம் 1.8 கிலோஓம் அளவுக்கு வேண்டும். அதை ஒரே பக்கம் போடாமல், மேலே ஒரு 910, கீழே ஒரு 910 என்று பிரித்துப் போடுங்கள். மொத்தத்தையும் மேலேயே போட்டால் பாலத்தின் நடுப்புள்ளி அரை வோல்ட்டுக்கு இறங்கிவிடும், எச்எக்ஸ்711-க்கு அது குறைந்தது 1.2 வோல்ட்டாவது இருக்க வேண்டும். ரெசிஸ்டர் உலோகப் படல வகையாக இருக்கட்டும். கரி வகை தானே வெப்பத்தில் அலையும்.

இப்படிச் செய்தால் பாலத்துக்குக் கிடைப்பது 5 வோல்ட்டில் 1 வோல்ட்தான். குறி 34-லிருந்து 12 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும். மனது கேட்காது, ஆனால் விட்டுவிடுங்கள். அந்த 12 மைக்ரோவோல்ட்டும் ஏடிசியின் இரைச்சலைவிட இருநூறு மடங்குக்கு மேல். இன்னொரு லாபமும் உண்டு: எம்பிஎக்ஸ்10-க்கு அழுத்தமே இல்லாதபோதும் 20 மில்லிவோல்ட் அளவுக்கு விலகல் இருக்கும். 128 மடங்குப் பெருக்கத்தில் ஏடிசி தாங்குவது சுமார் 20 மில்லிவோல்ட்தான், அதாவது தண்ணீர் ஊற்றும் முன்பே முட்டிக்கொண்டு நிற்கும். பாலத்தின் மின்னழுத்தம் குறைந்ததும் விலகலும் 7 மில்லிவோல்ட்டுக்கு இறங்கி, அரை மீட்டர் தண்ணீரையும் சேர்த்து 13-க்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது, மீதமுள்ள பூஜ்ய நகர்வை மென்பொருளில் கழிப்பது. உணரியின் பக்கத்திலேயே, தொடும் தூரத்தில், ஒரு வெப்ப உணரி வையுங்கள். இரண்டு வாய்களையும் வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டு, குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம், தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் பதிவெடுங்கள். 23 டிகிரியும் 31 டிகிரியும் மின்கட்டணத்தோடு சேர்ந்து கிடைக்கிற ஊர் இது, தனி வெப்ப அறை தேடிப் போக வேண்டியதில்லை. இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு போதும். அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த உடனே எண்ணை எழுதாதீர்கள். குளிர்ந்த பலகையில் ஈரம் படிந்து, கால்களுக்கு இடையே மின்கசிவு உண்டாகி, கொஞ்ச நேரம் எதையாவது காட்டும்.

இதையும் தாண்டிப் போக வேண்டுமென்றால், சிறிய மின்வால்வு ஒன்றைப் போட்டு, மணிக்கொருமுறை குழாயை அடைத்து, உணரியின் குழாய்ப் பக்கத்து வாயை மட்டும் வெளிக்காற்றுக்குத் திறந்து பூஜ்யத்தைப் புதுப்பிக்கலாம்.

படி 6: கம்பியும் இரைச்சலும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறிக் கம்பி இரண்டையும் முறுக்கி, உறையிட்ட கம்பியாக, குட்டையாக வையுங்கள். பாலத்துக்கும் ஏடிசிக்கும் ஒரே மின்மூலம் இருக்கட்டும். மின்மூலம் ஆடினாலும் விகிதம் மாறாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை எச்எக்ஸ்711 அதன் வினாடிக்கு 10 அளவீட்டு முறையில் தானே வடிகட்டும், 80-க்கு மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நீர்மட்டத்துக்கு 80 எதற்கு?

சராசரி எடுப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நூறு அளவீடுகளின் சராசரி, தற்செயல் இரைச்சலைப் பத்தில் ஒன்றாக்கும். மெல்ல அலையும் இரைச்சலையும் வெப்ப நகர்வையும் அது தொடாது. சராசரி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போயும் எண் நிலைக்கவில்லை என்றால், படி 5-க்குத் திரும்புங்கள்.

முடுக்கமானி வைத்திருப்பவர்களுக்கு

எம்பியு-6050 பலகையை 16 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) எல்லையில் ஓட்டினால் ஒரு ஜி-க்கு 2,048 எண்ணிக்கை. 2 ஜி எல்லையில் 16,384. மின்தூக்கி அதிர்வையோ எம்ஆர்டி ரயில் அதிர்வையோ பார்க்கிறவர்களுக்கு 2 ஜி தாராளம். உள்ளே தொங்கும் சிலிக்கன் எடை எவ்வளவு மெதுவாக ஆடுமோ அவ்வளவு உணர்திறன் கூடும்: ஒத்ததிர்வு அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் இடப்பெயர்ச்சி நான்கு மடங்கு, ஆனால் அளக்கக்கூடிய அதிர்வெண் எல்லை பாதி. பலகையைத் திருகாணிக்கு நெருக்கமாக வளையும்படி இறுக்காதீர்கள், அந்த வளைவும் அளவீட்டில் சேர்ந்துகொள்ளும்.

பிறகு, தரப்படுத்தும்போது 9.80665 என்று போட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் புவியீர்ப்பு முடுக்கம் 9.781. கால் விழுக்காட்டு வித்தியாசம். ஐரோப்பாவில் 9.81-க்குத் தரப்படுத்திய சுமையுணரி இங்கே ஒரு கிலோவை 997 கிராம் என்று சொன்னால் உணரி மேல் குற்றமில்லை.

சில்லையே வடிவமைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

ஆங் மோ கியோவில் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ், அரசு ஆய்வு அமைப்பான ஏ*ஸ்டாரின் நுண்மின்னணுவியல் கழகத்துடனும் அல்வாக் நிறுவனத்துடனும் சேர்ந்து 2020-ல் அறிவித்த பீசோமின் நுண்ணுணரி ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். மாசூட்டலைக் (சிலிக்கனில் வேறு அணுக்களைச் சேர்ப்பதைக்) குறைத்தால் உணர்திறன் கூடும், வெப்பத் தொல்லையும் கூடும். மின்தடையைச் சிறிதாக்கினால் தகைவு உச்சமாக இருக்கும் இடத்தில் அடங்கும், ஆனால் துகள்களின் எண்ணிக்கை குறைந்து, தாழ்அதிர்வெண் இரைச்சல் ஏறும். 2006-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் சிலிக்கன் நுண்கம்பிகளில் மிகப் பெரிய மின்தடை மாற்றம் கண்டதாக அறிவித்தபோது பெரும் பரபரப்பு. 2010-ல் வேறொரு குழு, அப்படிப்பட்ட அளவீடுகளில் மேற்பரப்பில் சிக்கிய மின்னூட்டம் மெல்ல நகர்வதும் தகைவின் விளைவுபோலத் தோன்றலாம் என்று காட்டியது. தகைவை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி அளந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

படி 7: சோதனை

அதே முறையில் நம் தொட்டியையும் சோதியுங்கள். ஆவியாகாதபடி தொட்டியை மூடி, 24 மணி நேரம் பதிவெடுங்கள். பத்து நிமிடத்துக்குள் எண் எவ்வளவு ஆடுகிறது, ஒரு நாளில் எவ்வளவு அலைகிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். முதலாவது பெரிதாக இருந்தால் கம்பியையும் ஏடிசியையும் பாருங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் வெப்பம், அல்லது குழாயில் காற்றுக் கசிவு. வெப்பநிலைக் கோட்டையும் நீர்மட்டக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் வெப்பம். நீர்மட்டக் கோடு மட்டும் ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் கசிவு.

பிறகு அளவுக் குவளையில் 240 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து ஊற்றுங்கள். இந்தத் தொட்டியில் அது சரியாக 1 மில்லிமீட்டர். கோட்டில் படி தெரிகிறதா பாருங்கள். மீண்டும் அதே அளவை முகந்து எடுத்தால் பழைய இடத்துக்கே இறங்க வேண்டும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டிலும் படி ஒரே உயரம் என்றால் வேலை முடிந்தது, பெருக்கியைத் தொடவே தேவையில்லை. மதியம் மட்டும் படியின் உயரம் குறைந்தால், தொடர் ரெசிஸ்டரின் அளவைக் கொஞ்சம் கூட்டி மறுபடி ஊற்றுங்கள்.